முதலில கை வைக்கிறது குற்றமில்ல, டீச்சர்

வெள்ளவத்தையில இருந்து வந்த கடிதம் இது, நீளத்த கொஞ்சம் குறைச்சுப் போடுறன்:

"எனக்கு 66 வயது, கணக்குப் படிப்பிச்சு ரிட்டயர் ஆன டீச்சர். பென்சன் 52,000 வருது. கணவருக்கு 71, புறக்கோட்டையில ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடையில கணக்கு எழுதினவர், பென்சன் இல்ல, ஈபிஎஃப் காசோட சேத்து வச்ச காசையும் போட்டு 50 லட்சம் நிலையான வைப்பா, எஃப்டியா, தன்ட பேரில வச்சிருந்தவர். சொந்த ஃபிளாட், மூண்டு அறை. 2022 கடைசியில 24 வீத வட்டி கிடைச்சது, மாசம் ஒரு லட்சம் வந்தது, கஷ்டம் தெரியேல்ல. இப்ப 8 வீதம். மாசச் செலவு 1,25,000 போகுது, அதில பேரனிட இண்டர்நெஷனல் ஸ்கூல் ஃபீசுக்கு நாங்க குடுக்கிற 15,000மும் இருக்கு. போன மாசம் பாங்க் பேப்பர் ஒண்டு கண்ணில பட்டது, எஃப்டி 43 லட்சம் தான் இருக்கு, எனக்குச் சொல்லாம போட்ட முதல் காசில இருந்து எடுத்திருக்கிறார். சுகர் குளிசைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறார் எண்டும் அண்டைக்குத் தான் கண்டு பிடிச்சன். நானும் நல்லவள் இல்ல, அவருக்குச் சொல்லாம ரெண்டு காப்பு அடகு வச்சிருக்கிறன். தெஹிவளையில அச்சகம் வச்சிருக்கிற மகன் 15 லட்சம் கேக்கிறான், இல்லாட்டி ஃபிளாட்ட ஈடு வச்சு லோன் எடுக்க அப்பா கையெழுத்துப் போட்டாக் காணும் எண்டுறான். தெரிஞ்ச ஒருத்தர் 14 வீதம் தாற இடம் இருக்கு எண்டுறார். ஃபிளாட்ட வித்துப் போட்டு யாழ்ப்பாணம் போவமோ எண்டும் கதை. மகள் ரொறன்ரோவில, அவவுக்கு ஒண்டும் தெரியாது. நாங்கள் என்ன செய்யிறது?"

வணக்கம் டீச்சர். 31 வருசம் பாங்கில வேலை செய்தனான், அதில கடைசி 12 வருசம் லோன் பக்கம், இப்ப உங்கள மாதிரி ரிட்டயர் ஆன குடும்பங்களுக்குத் தான் கூடக் கணக்குப் பாத்துக் குடுக்கிறன். உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன், ரெண்டு தரமும் அந்தக் குளிசை எழுதின வரியில தான் நிண்டு போனன். அதால அதில இருந்தே தொடங்குறன், எஃப்டி, மகன், ஃபிளாட் எல்லாம் அதுக்குப் பிறகு.

காசு இறுகினா வயசானவை முதல்ல வெட்டுறது ஆருக்கும் தெரியாம வெட்டக்கூடியத. பேரனிட ஃபீச நிப்பாட்டினா எல்லாருக்கும் தெரியும், கல்யாண வீட்டுக் கவர்ல காசக் குறைச்சா ஆக்கள் கதைப்பினம், ஆனா குளிசைய பாதியா உடைச்சா ஆருக்கும் தெரியாது. 2022ல எனக்குத் தெரிஞ்ச எத்தினையோ வீட்டில இது நடந்தது, அப்ப மருந்தே தட்டுப்பாடு, இருந்த மருந்தும் ரெண்டு மூண்டு மடங்கு விலை, அந்த நேரம் பழகின பழக்கத்த சிலர் இன்னும் விடேல்ல. டீச்சர், இதவிட விலை கூடின சேமிப்பு ஒண்டு இல்ல. சுகர் கூடி கால்ப் புண்ணோ கிட்னியோ எண்டு ஒரு பிரைவேட் ஹொஸ்பிட்டல்ல பத்து நாள் கிடந்தா, அவர் குளிசையில மிச்சம் பிடிச்ச காசு அட்மிஷனுக்கே காணாது. குளிசைய எப்பிடிப் போடுறது எண்டு டொக்டரிட்ட கேளுங்கோ, அது என்ட வேலை இல்ல, காசுப் பக்கத்த மட்டும் நான் சொல்லுறன். உங்களுக்கு களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட, அங்க மெடிக்கல் கிளினிக்கில பதிஞ்சு கிளினிக் கொப்பி ஒண்டு எடுத்தா சுகருக்கும் பிரஷருக்கும் மாசா மாசம் மருந்து காசில்லாம கிடைக்கும். விடியக் காலமை போய் லைனில நிக்கோணும், சில மாசம் ஒரு மருந்து இல்லை எண்டு சொல்லுவினம், அந்த ஒண்ட மட்டும் அரசாங்க மருந்துக் கடை ஒசுசலவில வாங்கலாம். பிரைவேட் டொக்டரிட்டயே தொடர்ந்து போறதெண்டா "டொக்டர், இதே மருந்தில விலை குறைஞ்ச பிராண்ட் இருந்தா எழுதுங்கோ" எண்டு வாய் விட்டுக் கேளுங்கோ. சுகர் மருந்து மெட்ஃபோர்மின் எண்டா எந்தப் பெட்டியிலயும் மெட்ஃபோர்மின் தான், பெட்டியில இருக்கிற பேர மாத்தினா விலை எவ்வளவோ மாறும். கேக்க வெக்கப்பட வேண்டிய விசயமே இல்ல இது, டொக்டர்மாருக்கும் இப்ப பழகிட்டுது.

சரி, இனி அந்த 50 லட்சம்.

உங்கட கணவர், நான் சேர் எண்டே சொல்லுறன், ஏன் உங்களுக்குச் சொல்லேல்ல எண்டு எனக்கு விளங்குது, ஏனெண்டா என்ட அப்பாவும் அந்தக் காலத்து ஆள் தான். வட்டியச் சாப்பிடலாம், முதலில கை வைக்கக்கூடாது, முதல் கரைஞ்சா குடும்பம் கரைஞ்ச மாதிரி எண்டு வளந்த ஆக்கள். நாற்பது வருசம் மற்ற ஆக்களிட கணக்கில ஒரு சதம் பிழைக்க விடாம எழுதின மனுசன், தன்ட வீட்டுக் கணக்கு பிழைக்குது எண்டு மனுசியிட்ட எப்பிடிச் சொல்லுறது. ஆனா அவர் நினைக்கிற மாதிரி முதல் இப்ப கரையத் தொடங்கேல்ல, அது 2022லயே கரைஞ்சிட்டுது. எப்பிடி எண்டு சொல்லுறன், நீங்க கணக்கு டீச்சர், உங்களுக்கு இது உடன பிடிபடும். 2022 செப்டெம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரு வருசத்தில 69.8 வீதம் ஏறினது, சாப்பாட்டுச் சாமான மட்டும் பாத்தா 94.9 வீதம். அப்ப 2021 செப்டெம்பர்ல 50 லட்சத்துக்கு வாங்கின அதே சாமான ஒரு வருசம் கழிச்சு வாங்க கிட்டத்தட்ட 85 லட்சம் வேணும். உங்கட வீட்டு எஃப்டியில அப்பவும் 50 லட்சம் எண்டு தான் எழுதியிருந்தது, பேப்பர்ல இலக்கம் மாறேல்ல, ஆனா உள்ளுக்க இருந்த பெறுமதி போயிட்டுது. 2021ல 400 கிராம் பால்மா 380 ரூபாவுக்கு வாங்கினனாங்கள், 2022 மார்ச்சில அதே பக்கெட் 790. டொலர் 200ல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள 360க்குப் போனது. நீங்களும் காஸ் லைனில நிண்டிருப்பீங்க, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

அதுக்குப் பிறகு வந்த 24 வீதம் இருக்குத் தானே, அது லாபம் இல்ல டீச்சர். அது போன பெறுமதியில ஒரு பங்கத் திருப்பித் தந்த காசு. சென்ட்ரல் பாங்க் விலையேத்தத்த அடக்க வட்டிய தூக்கினது, 2022 ஏப்ரல்ல ஒரே நாளில 7 வீதம் கூட்டினவை, அதால தான் எஃப்டி வட்டியும் அவ்வளவு உயரத்துக்குப் போனது, 2023 நடுப்பகுதியில விலையேத்தம் அடங்கினதும் வட்டியும் இறங்கத் தொடங்கிட்டுது. ஆனா ஏறின விலை இறங்கேல்ல, மேல ஏறுறது மட்டும் நிண்டது. அந்த ஒரு லட்சத்தில பாதியையாவது திருப்பி எஃப்டியில போட்டிருந்தா நல்லம் எண்டு இப்ப சொல்லுறது லேசு, அந்த நேரம் அரிசியும் காஸும் கரண்டும் இருந்த விலைக்கு ஆரால ஏலும், நானும் போடேல்ல. உங்கட பிழை எண்டு இதில ஒண்டும் இல்ல. ஒரே ஒரு விசயம், அந்த ஒரு லட்சம் வந்த மாசங்களில வீட்டுச் செலவு அதுக்கு ஏத்த மாதிரி நிலைச்சுப் போச்சு, வட்டி இறங்கின பிறகும் செலவு அங்கயே நிக்குது. சேர் அந்த இடைவெளிய தனிய, சத்தமில்லாம, முதலில இருந்து நிரப்பிக்கொண்டு வாறார்.

இப்ப கணக்கப் பாப்பம். 43 லட்சத்துக்கு 8 வீதம் எண்டா மாசம் 28,667. 2025 ஏப்ரல்ல இருந்து வட்டியில 10 வீதம் வரி பிடிக்கினம், கையில 25,800. உங்கட பென்சனோட 77,800. செலவு 1,25,000. மாசம் 47,000 துண்டு விழுது, முதல் குறையக் குறைய வட்டியும் குறையிறதால அந்தத் துண்டு மாசா மாசம் பெருக்கும். இப்பிடியே போனா, விலைவாசி ஒரு ரூபா கூட ஏறாது எண்டு வச்சாலும், 6 வருசத்தில எஃப்டி முடியும். அப்ப சேருக்கு 77, உங்களுக்கு 72. பயப்படுத்த எழுதேல்ல, தெரியாம இருக்கிற பயம் இதவிடப் பெரிசு எண்டதால எழுதுறன்.

முதல் வேலையா, ஒரு செலவும் இல்லாம கிடைக்கிற காச எடுங்கோ. உங்கள் ரெண்டு பேருக்கும் வருச வருமானம் தனித்தனிய 18 லட்சத்துக்குக் குறைவு, அப்பிடி இருக்கிற ஆக்கள் பாங்கில ஒரு சுய பிரகடனப் படிவம் நிரப்பிக் குடுத்தா அந்த 10 வீதத்த பிடிக்க மாட்டினம். மாசம் 2,867 ரூபா, வருசத்துக்கு 34,400, ஒரு கையெழுத்துக்கு. வரி வருசம் ஏப்ரல்ல மாறும், அப்ப திரும்பக் குடுக்கோணும், கலண்டர்ல எழுதி வையுங்கோ. அடுத்தது 60 வயதுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு 10 லட்சம் வரைக்கும் ஒரு வருச எஃப்டிக்கு சாதாரண வட்டிக்கு மேல 3 வீதம் கூடத் தாற திட்டம், 2025 பட்ஜெட்ல சொன்னது, அந்த வருசம் ஜூலையில இருந்து. பழைய 15 வீதத் திட்டம் 2022 ஒக்டோபரோட நிண்டு போச்சு, அதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொண்டு கன பேர் இந்தப் புதுசப் பற்றிக் கேக்கிறதே இல்ல. உங்களிட பேரில 10, சேரிட பேரில 10 எண்டு பிரிச்சுப் போட்டா வருசம் 60,000, மாசம் 5,000. ரெண்டும் சேந்து 7,800 ரூபா கூட வருது, ஒரு செலவையும் குறைக்காம.

எஃப்டிய ஒரே துண்டா வைக்காதீங்கோ எண்டதையும் இதோட சொல்லுறன். 43ம் ஒரே ரசீதில இருந்தா, 50,000 தேவைப்பட்டாலும் முழுசையும் இடையில உடைக்கோணும், உடைச்சா வட்டிய குறைச்சுத் தான் தருவினம். சேர் அப்பிடித்தான் ரெண்டு மூண்டு தரம் உடைச்சிருப்பார் எண்டு நினைக்கிறன். ஒரு 4 லட்சம் சேவிங்ஸில, ஆஸ்பத்திரிக்கோ வேற அவசரத்துக்கோ. மிச்சத்த நாலஞ்சு துண்டாக்கி மூண்டு மாசத்துக்கு ஒண்டு முதிர்ற மாதிரி போடுங்கோ, தேவையெண்டா அண்டைக்கு முதிர்றதில எடுக்கலாம், தேவையில்லாட்டித் திரும்பப் போடலாம். மற்றது, இப்ப எல்லாம் சேரிட தனிப் பேரில இருக்கு. அவருக்கு ஒண்டு நடந்தா, நடக்கக்கூடாது, ஆனா 71 வயசில நாங்கள் இதக் கதைக்கத் தான் வேணும், அந்தக் காச எடுக்க நீங்க கோடு கச்சேரி எண்டு அலைய வேண்டி வரும். ரெண்டு பேரிட பேரிலயும், ரெண்டு பேரில ஆரும் ஒருவரோ உயிரோட இருக்கிறவரோ எடுக்கலாம் எண்டு மாத்துங்கோ. மூத்த பிரஜைகளுக்கான துண்ட பாங்க் எந்தப் பேரில போடச் சொல்லுதோ அப்பிடிப் போட்டு, அவருக்குப் பிறகு ஆருக்கு எண்டு அதுக்கு நியமனம் எழுதிக் குடுங்கோ. நான் பாங்கில இருந்த காலத்தில கவுண்டருக்கு முன்னால மரணச் சேர்டிபிகேட்ட கையில பிடிச்சுக்கொண்டு, புருசன் எந்தக் கிளையில என்ன வச்சிருந்தார் எண்டே தெரியாம நிண்ட அம்மாமார எண்ணவே ஏலாது. உங்கட பென்சனுக்கும் இது இருக்கு, நீங்க வேலை செய்யேக்க சம்பளத்தில விதவைகள் தபுதாரர் அநாதைகள் நிதிக்குக் கழிச்சிருப்பினம், உங்களுக்குப் பிறகு சேருக்கு வர வேண்டிய காசு அது, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில பென்சன் பகுதிக்குப் போய் அவரிட விவரம் சரியாப் பதிஞ்சிருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.

14 வீதம் தாற இடம். டீச்சர், பாங்க் 8 தரேக்க ஒருத்தர் 14 தாறார் எண்டா அந்த 6 வீதமும் உங்கட முதல் போகக்கூடிய ஆபத்துக்குத் தாற கூலி. லைசன்ஸ் உள்ள பினான்ஸ் கம்பெனி எண்டாலும் வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில 11 லட்சம் வரைக்கும் தான், அதுக்கு மேல போட்டது உங்கட அதிர்ஷ்டம். லைசன்ஸே இல்லாத இடம் எண்டா அதுவும் இல்ல. 2020ல பெரிய பினான்ஸ் கம்பெனி ஒண்டிட லைசன்ஸ சென்ட்ரல் பாங்க் ரத்துப் பண்ணினது, இன்னொண்டிட வியாபாரத்த நிறுத்தி வச்சது. எங்கட சித்தி ஒருத்தி, கொட்டாஞ்சேனையில இருந்தவ, ஒரு இடத்தில கூட வட்டிக்கு ஆசைப்பட்டு சித்தப்பா செத்தப்ப வந்த காச முழுக்கப் போட்டவ, முதல் ஒண்டரை வருசம் ஒவ்வொரு மாசமும் ஒண்டாந் திகதி வட்டி சரியா வந்தது, அதப் பாத்து தங்கச்சியையும் போடச் சொன்னவ. பிறகு ஒரு நாள் ஷட்டர் பூட்டிக் கிடந்தது. சித்தி சாகும் வரைக்கும் தன்ட காசு போனதப் பற்றிக் கதைக்கேல்ல, தங்கச்சியிட காசப் பற்றித் தான் அழுதவ. சென்ட்ரல் பாங்க் இணையத்தளத்தில லைசன்ஸ் உள்ள நிறுவனங்களிட பட்டியல் இருக்கு, அதில பேர் இல்லாட்டி ஒரு ரூபாவும் வேண்டாம். தெரிஞ்சவர் நடத்துற பெரிய சீட்டுக்கும் இதே பதில் தான்.

இனி மகன். இது தான் கடினமானது, அதால கொஞ்சம் நீளமா எழுதுறன்.

லோன் பக்கத்தில 12 வருசம் இருந்ததில கடனக் கட்டுங்கோ எண்டு நான் எழுதின டிமாண்ட் லெட்டர்களில எத்தினையோ, லோன் எடுத்த ஆளுக்கு இல்ல, கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் மாமாவுக்கும் தான் போனது. ஒரு பெரியவர், பம்பலப்பிட்டியில இருந்து பஸ்ஸில வந்தவர், வெள்ளை சேர்ட் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, லெட்டர நாலா மடிச்சு சேர்ட் பொக்கெட்டுக்குள்ள வச்சிருந்தார், என்ட மேசையில அத விரிச்சு வச்சு "தம்பி, இது எனக்கு வந்ததோ, பேர் பிழையா அடிச்சிட்டினமோ" எண்டு கேட்டார். அவர் தான் ஈட்டுப் பத்திரத்தில கையெழுத்துப் போட்டவர், அப்ப அது ஒரு மரியாதைக் கையெழுத்து எண்டு தான் நினைச்சிருக்கிறார். அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. 1990ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி பெரிய லோன்களுக்கு ஈடு வச்ச சொத்த பாங்க் கோட்டுக்குப் போகாமலே ஏலம் விடலாம், பராட்டே எண்டு பேப்பர்ல வாசிச்சிருப்பீங்க. வியாபாரங்கள் விழுந்து கிடந்ததால 2024ல அத கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வச்சவை, 2025 மார்ச்சோட அந்த நிறுத்தம் முடிஞ்சுது. 15 லட்சம் மாதிரிச் சின்ன லோன் எண்டா கோட்டால போய்த் தான் விக்கோணும், ஆனாலும் ஃபிளாட் போறது போறது தான். உங்கள் ரெண்டு பேருக்கும் இருக்கிற ஒரே கூரை அந்த ஃபிளாட். அதில கையெழுத்து வேண்டாம். பிணையாளி எண்டு மட்டும் போடுங்கோ எண்டு கேட்டாலும் வேண்டாம்.

மகன் கெட்ட பிள்ளை எண்டு நான் சொல்லேல்ல. கடதாசி, மை எல்லாம் இறக்குமதி, டொலர் ஏறினதில அச்சகங்கள் பட்ட அடி எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளையும் நித்திரை இல்லாமத் தான் இருக்கும். ஆனா அவருக்கு 40 வயசு எண்டு வையுங்கோ, விழுந்தாலும் எழும்ப இன்னும் 20 வருசம் இருக்கு, சேருக்கு அந்த 20 வருசம் இல்ல. அதால அவருக்கு உதவி செய்யிறதெண்டா திரும்பி வராது எண்டு நினைச்சு, வராட்டியும் நீங்க தாங்கக்கூடிய ஒரு தொகைய, 2 லட்சமோ 3 லட்சமோ, அன்பளிப்பாக் குடுங்கோ, கடன் எண்டு குடுக்காதீங்கோ. கடன் எண்டா ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டுக்கு வாறத அது தடுக்கும். காச விட அவருக்கு இப்ப வேணும் எண்டு நான் நினைக்கிறது அப்பாவிட கணக்குப் புத்தி. ஒரு சனிக்கிழமை சேர் தெஹிவளைக்குப் போய் அச்சகக் கணக்குக் கொப்பிய விரிச்சு, ஆர் ஆர் எவ்வளவு பாக்கி, எந்த வேலையில நட்டம், பழைய லோன பாங்கில மறுசீரமைக்கக் கேக்கலாமோ எண்டு பாக்கட்டும். நாற்பது வருசம் புறக்கோட்டையில அதையே செய்த ஆள். சேருக்கும் அது மருந்து.

ஸ்கூல் ஃபீஸ் 15,000ம் இதோட சேந்தது. இத நிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் இல்ல, ஆனா உங்கட கணக்கில குறைக்கக்கூடிய ஆகப் பெரிய ஒற்றைச் செலவு இது தான், இதக் காப்பாத்த சேர் குளிசைய விடுறார் எண்டது தெரிஞ்சா உங்கட மருமகளே வேண்டாம் எண்டு சொல்லுவா. இந்தத் தவணையோட முடியும் எண்டு முன்கூட்டியே சொல்லுங்கோ, அடுத்த தவணைக்கு அவையள் ஒரு வழி பாக்க நேரம் குடுக்கோணும். பேரனுக்கு கணக்கு நீங்களே சொல்லிக் குடுக்கலாம், அதுக்கு அவையள் வெளியில டியூஷன் காசு கட்டுறதெண்டா அது மிச்சம்.

மற்ற வெட்டுகள் சின்னன், கெதியாச் சொல்லிட்டுப் போறன். கரண்ட் பில்லில யூனிட் எத்தினை எண்டு பாருங்கோ, காச இல்ல, யூனிட்ட. 180 யூனிட்டுக்கு மேல போறதெல்லாம் ஆகக் கூடின விலையில போகுது, படுக்கை அறையில ஏசி ஓடுற வீடுகள் தான் அங்க போய் நிக்கும், உங்கட வீட்டிலயும் ஏசி இருந்தா அத நிப்பாட்டினாலே ரெண்டு மூண்டு படி கீழ இறங்குவீங்க. 2022 ஓகஸ்ட்ல 75 வீதமும் 2023 பெப்ரவரியில 66 வீதமும் கூட்டினதுக்குப் பிறகு கொஞ்சம் குறைச்சவை தான், பிறகு திரும்பவும் கூட்டினவை, அதால பழைய நினைப்பில இருக்கேலாது. டிவிக்கு ஒரு பக்கேஜ், ரெண்டு போனுக்கு ரெண்டு டேட்டா, வீட்டில வைஃபை எண்டு மூண்டு நாலு இடத்தில மாசா மாசம் தானா வெட்டுப்படுறத ஒரு கடதாசியில எழுதுங்கோ, பாதி தேவைப்படாது. சாப்பாட்ட வெட்டாதீங்கோ. முட்டையும் மீனும் பருப்பும் இந்த வயசில மருந்து மாதிரி, மீன் விலையா இருந்தா நெத்தலியோ சாளையோ வாங்குங்கோ. வீட்டுக்கு உதவிக்கு வாற அக்கா இருந்தா அவவையும் ஒரேயடியா நிப்பாட்ட வேண்டாம், நாளக் குறையுங்கோ, அவவுக்கும் இதே விலைவாசி தான், உங்களுக்கும் வழுக்கி விழாம இருக்க ஆள் வேணும்.

ஃபீசும் இதுகளும் சேத்து 25,000 குறைஞ்சு செலவு ஒரு லட்சத்துக்கு வந்துட்டுது எண்டு வையுங்கோ. பென்சன் போக எஃப்டியில இருந்து 48,000 வேணும். வட்டி இப்ப 33,600, சேவிங்ஸில வைக்கிற 4 லட்சத்துக்கு வட்டி குறைவெண்டதால அதில கொஞ்சம் குறையும். மாசம் 14,400 அளவில தான் முதலில இருந்து போகும், அந்த 6 வருசம் 12, 13 வருசமா நீளும். விலை ஏறினா அது குறையும், அதால வருசத்துக்கு ஒருக்கா, சித்திரை வருசப் பிறப்போட எண்டு வையுங்கோ, இந்தக் கணக்கத் திரும்பப் போடோணும். ஆனா இது சேர் ஒளிச்சு எடுக்கிற காசு மாதிரி இல்ல, ரெண்டு பேரும் இருந்து கதைச்சு, இந்த வருசம் இவ்வளவு எடுப்பம் எண்டு எழுதி வச்சு எடுக்கிற காசு. முதல் எண்டு அந்தக் காச சேத்தது எதுக்கு டீச்சர், வயசு போன காலத்தில மருந்துக்கும் சோத்துக்கும் தானே. அளவாக் கை வைக்கிறது குற்றமில்ல.

அந்த 14,400 கூட வர வழி இருக்கு. மகளிட அறை சும்மா கிடக்குது எண்டு நினைக்கிறன். யாழ்ப்பாணத்தில இருந்தும் மட்டக்களப்பில இருந்தும் வேலைக்கும் படிப்புக்கும் வந்து வெள்ளவத்தையில நல்ல இடமா, பாதுகாப்பான வீடாத் தேடி அலையிற பொம்பிளைப் பிள்ளையள் எவ்வளவோ பேர், ரிட்டயர் ஆன டீச்சர் வீடு எண்டா அந்தப் பிள்ளையளிட அம்மாமார் நிம்மதியா நித்திரை கொள்ளுவினம். சமைச்சுக் குடுக்கிறன் எண்டு மட்டும் ஒத்துக்கொள்ளாதீங்கோ, அது உங்கட முழங்கால முடிக்கும். இல்லாட்டி ஓஎல் கணக்குக்கு நாலஞ்சு பிள்ளையள பின்னேரத்தில எடுங்கோ. ரெண்டில ஒண்டு போதும். அந்தக் காசு முழுசா வந்தா முதலில கை வைக்காமலே இப்போதைக்குச் சமாளிக்கலாம்.

யாழ்ப்பாணம் போறதப் பற்றி: விக்க அவசரப்படாதீங்கோ. வித்த ஃபிளாட்ட இந்த வயசில திரும்ப வாங்கேலாது, வித்த காசு கையில இருக்கெண்டு தெரிஞ்சா 15 லட்சம் கேக்கிற மகன் 30 கேப்பார். போகத்தான் ஆசையெண்டா ஃபிளாட்ட வாடகைக்குக் குடுத்திட்டு ஆறு மாசம் ஊரில வாடகைக்கு இருந்து பாருங்கோ, சொந்தம் ஆர் மிச்சம் இருக்கினம், ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறது, சேர் பின்னேரத்தில ஆரோட கதைப்பார் எண்டதெல்லாம் அப்ப தான் தெரியும்.

மகளுக்குச் சொல்லுங்கோ. தூரத்தில இருக்கிற பிள்ளைக்குக் கவலை குடுக்கக்கூடாது எண்டு நீங்க மறைக்கிறீங்க, ஆனா அங்க இருந்து அவ தீபாவளிக்கு ஒருக்கா, பிறந்தநாளுக்கு ஒருக்கா எண்டு அனுப்புற காச விட, "அப்பாவிட மருந்துச் செலவும் ஃபிளாட் மெயின்டனன்ஸும் என்ட பொறுப்பு" எண்டு மாசா மாசம் ஒரு சின்னத் தொகை வந்தா உங்களுக்குத் திட்டம் போடலாம், அவவுக்கும் எவ்வளவு எண்டு தெரியும். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இடையில "நான் தான் பாக்கிறன்" எண்ட சண்டை பிறகு வராம இருக்கவும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில ஒரே கணக்கக் கேக்கிறது நல்லம், வாட்சப் கோல் ஒண்டு காணும்.

ஆனா அதுக்கு முதல் நீங்க ரெண்டு பேரும். சேரிட பாங்க் பேப்பர முன்னால வச்சு "ஏன் சொல்லேல்ல" எண்டு தொடங்காதீங்கோ, தொடங்கினா அவர் வாயத் திறக்க மாட்டார். உங்கட அடகு ரசீத முதல்ல மேசையில வையுங்கோ. "நானும் உங்களுக்குச் சொல்லாம ஒண்டு செய்தன்" எண்டு நீங்க தொடங்கினா அவருக்குச் சொல்ல வழி கிடைக்கும். ஒரு கொப்பி எடுத்து இடது பக்கம் வாறது, வலது பக்கம் போறது எண்டு அவரையே எழுதச் சொல்லுங்கோ, அவர் எழுத்துத் தான் வடிவா இருக்கும் எண்டு நினைக்கிறன்.

அந்த ரசீத எடுக்கேக்க அதில இருக்கிற திகதியையும் பாருங்கோ டீச்சர், நீங்க கடிதத்தில எழுதேல்ல. மீட்கிற தவணை தாண்டினா காப்பு ஏலத்துக்குப் போயிடும், இத்தினை கணக்கிலயும் முதல்ல முடியப் போற தவணை அது தான். சேவிங்ஸுக்கு எண்டு ஒதுக்கச் சொன்ன 4 லட்சத்தில இருந்து எடுத்து ரெண்டில ஒண்டையாவது இந்தக் கிழமையே மீட்டிடுங்கோ, அடகு வட்டி உங்கட எஃப்டி வட்டிய விடக் கூட.